கதவுக்குள் இருப்பதைக் காட்டுங்கள்: டைஹட்சு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

டைஹட்சு மோட்டார் நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

என் மகள் போன மாதம்தான் வேலையில் சேர்ந்தாள். தாதி. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் தனியாக வீடு திரும்ப வேண்டும் என்பதால் கார் கேட்டாள். அவள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற புதுக் கார் என்றால் மலேசியாவில் எல்லோர் வாயிலும் முதலில் வருவது பெரோடுவா நிறுவனத்தின் அக்ஸியாதான். முன்பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, நீங்கதானே ஊருக்கே கார் ஓட்டக் கத்துக் கொடுக்கறீங்க. இதை நம்பி வாங்கலாமா?" என்று கேட்டாள்.

இருபது வருடத்துக்கு மேலாக என் மாணவர்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்லிவந்தவள் நான். அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. படிவம் இன்னும் மேசையில் கிடக்கிறது. 2023இல் வெளிவந்த உங்கள் மோதல் சோதனை முறைகேடுகள்தான் காரணம். அதை உங்களிடமே சொல்லிவிடுவதுதான் முறை என்று இந்த மடலை எழுதுகிறேன்.

நான் சிலாங்கூர் மாநிலத்தில் ராவாங் நகரில் வசிக்கிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். உங்கள் கார்களை அடிப்படையாக வைத்து எங்கள் நாட்டுக் கார்கள் உருவாகிற பெரோடுவா தொழிற்சாலை பக்கத்துச் செரண்டாவில்தான் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களில் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் கையால் பூட்டிய கார்களில் அவர்கள் பிள்ளைகளுக்கும் இப்போது கற்றுக்கொடுக்கிறேன். அதனால் உங்கள் நிறுவனம் எங்கோ ஜப்பானில் இருக்கிற ஒரு பெயராக எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டியவர். எங்கள் லயத்தில் பத்துக் குடும்பங்கள். யாரிடமும் கார் கிடையாது. அப்பாவுக்கு ஆஸ்துமா. இரவில் மூச்சு முட்டினால் தோட்டத்துக் கணக்கர், எங்கள் பேச்சில் கிராணியார், வீட்டுக் கதவைத் தட்டவேண்டும், அவர் மனது வைத்துத் தோட்ட வேனை அனுப்பவேண்டும். 1994 ஆகஸ்டில் பெரோடுவாவின் கஞ்சில் கார் வெளிவந்தது. அண்ணன் மூன்று வருடம் பணம் சேர்த்து 1997இல் ஒன்று வாங்கினார். பழைய காரல்ல, புதுசு. அது லயத்து முன்னால் வந்து நின்ற அன்றைக்கு அம்மா எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தார். அப்பா காரின் கூரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு அவர் மூச்சுக்காக நாங்கள் யார் கதவையும் தட்டவில்லை. அவருடைய கடைசி எட்டு வருடங்களில் எத்தனை இரவு அந்த 660 சிசி கார் ஆஸ்பத்திரிக்கு ஓடியது என்பதற்குக் கணக்கே இல்லை.

கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் ஏமாற்றித் தப்பிக்கும் சின்னப் பிராணி. பெயர் எங்களுடையது, உள்ளே இருந்தது உங்கள் மிரா. அப்புறம் கெனாரி, கெலிசா, மைவி, விவா, அல்ஸா, அக்ஸியா என்று வந்த வரிசையிலும் உங்கள் மூவ், மிரா, பூன் போன்ற கார்களின் இரத்தம் ஓடியது எங்களுக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறிய காலத்தில், மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்த எங்கள் மக்களில் நிறையப் பேருக்கு முதல் கார் இந்த வரிசையில் ஒன்றாகத்தான் இருந்தது. சீனக் குடும்பங்களிலும் மலாய்க் குடும்பங்களிலும் சாதாரணச் சம்பளக்காரர்கள் கதை இதேதான்.

உங்கள் கார்களைப் பற்றி நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று ஓசாகாவில் யாராவது எப்போதாவது கேட்டிருப்பார்களா தெரியவில்லை. நானே சொல்கிறேன்.

பெட்ரோல் குடிக்காது. உதிரிபாகம் எந்தச் சின்ன ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. எந்தப் பட்டறைக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். பத்து வருடம் ஓட்டிவிட்டு விற்றாலும் கௌரவமான விலை வரும். மேடு ஏறும்போது ஏசியை அணைக்கவேண்டும். கெந்திங் மலைக்கு நாலு பேரோடு போன கஞ்சில்காரர்கள் எல்லோரும் அதைச் செய்திருப்பார்கள். நெடுஞ்சாலையில் பெரிய லாரி பக்கத்தில் கடந்தால் வண்டி லேசாக ஆடும். தகரம் மெல்லியது என்று ‘மைலோ டின்’ என்று சொல்கிறவர்களும் உண்டு. அப்படிச் சொல்கிறவர் வீட்டு வாசலிலும் அதே டின் நிற்கும், ஏனென்றால் காலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பினால் அது கிளம்பும்.

ஒரு கஞ்சில் என்னிடம் ஒன்பது வருடம் பயிற்சிக் காராக உழைத்தது. பயிற்சிக் கார் என்றால் என்னவென்று நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பேர், ஒவ்வொருவரும் கிளட்ச்சை வெவ்வேறு விதமாக வதைப்பார்கள். ‘புக்கிட்’ என்று எங்கள் சோதனைத் திடலில் ஒரு மேடு இருக்கும். அதில் ஏறி, கோட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளம்பவேண்டும். அந்த மேட்டில் அது எத்தனை ஆயிரம் தடவை அணைந்து அணைந்து கிளம்பியிருக்கும்! அதில் கற்றுக்கொண்ட பெண்கள் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைக்கிறார்கள். சிலர் பெரோடுவா பெஸ்ஸா வாங்கி கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறார்கள்.

இன்னொன்று. எங்கள் ஊர்ப் பையன்கள் கஞ்சில் வாங்கியதும் முதலில் செய்கிற காரியம், முன்னால் இருக்கும் உள்ளூர்ச் சின்னத்தைக் கழற்றிவிட்டு உங்கள் ‘டி’ எழுத்துச் சின்னத்தை ஒட்டுவது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வருகிற பழைய மிரா கார்களின் எஞ்சினை ‘ஹாஃப் கட்’ கடையில் தேடிப் பிடித்து மாற்றுவார்கள். எல்டூ, எல்ஃபைவ் என்று அவர்கள் பேசுவதைக் கேட்டால் ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். அந்த ‘டி’ சின்னத்தை ஒட்டினால் கார் வேகமாக ஓடிவிடாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒட்டினார்கள். உங்கள் பெயருக்கு இங்கே அப்படி ஒரு மதிப்பு இருந்தது. விளம்பரம் செய்து வாங்கிய மதிப்பல்ல அது. இருபது, முப்பது வருடம் வண்டியில் உட்கார்ந்து பார்த்து நாங்களாகக் கொடுத்தது.

இந்தப் பின்னணியோடுதான் 2023 ஏப்ரல் மாதச் செய்தியைப் படித்தேன்.

பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய கார்களில், முன்கதவின் உள்பக்கப் பலகையில் ஒரு வெட்டு போட்டிருந்தீர்கள். மோதலில் அந்தப் பலகை உடைந்து கூர்முனையாக நின்று உள்ளே இருப்பவரைக் குத்தாமல் இருப்பதற்காக. அந்த வெட்டு சோதனைக் காரில் மட்டும்தான் இருந்தது. விற்பனைக்கு வந்த காரில் இல்லை. மொத்தம் 88,123 கார்கள். பெரும்பகுதி டோயோட்டா பெயரில் விற்றவை. 11,834 கார்கள் எங்கள் அக்ஸியா. விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் உங்கள் உள்ளிருந்தே ஒருவர் துணிந்து புகார் கொடுத்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

பக்கவாட்டு மோதல் என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் அக்காள் மகன் காரை, சிவப்பு விளக்கை மீறி வந்த ஒரு வண்டி இடது பக்கத்தில் இடித்தது. அது உங்கள் கார் அல்ல. இடித்த வேகத்துக்கு எந்தக் காரும் தாங்கியிருக்காது. அதனால் யார் மீதும் குறை சொல்ல வரவில்லை. அவன் மனைவி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, மூன்று விலா எலும்புகள் முறிந்தன. காப்புறுதிக்காகப் படம் எடுக்க நான்தான் பட்டறைக்குப் போனேன். அந்தக் கதவின் உட்புறத்தை அப்போது பார்த்தேன். முன்னால் மோதினால் இடையில் எஞ்சின் இருக்கிறது, பானட் இருக்கிறது. பக்கத்தில் மோதினால் நமக்கும் அடுத்தவன் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் கதவுதான். அன்றிலிருந்து சந்திப்பில் பச்சை விளக்கு விழுந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு மாணவருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். ஓட்டுபவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். மிச்சம் கதவின் பொறுப்பு.

அந்தக் கதவில்தான் நீங்கள் வெட்டு போட்டீர்கள்.

அத்தோடு நின்றிருந்தால் ஏதோ ஒரு பிரிவில் யாரோ சிலர் செய்த தவறு என்று விட்டிருப்பேன். ஒரு மாதத்தில் ராக்கி ஹைப்ரிட் காரைப் பற்றிய செய்தி வந்தது. கம்பத்தில் மோதவிடும் சோதனையில், ஒரு பக்கத்தில் எடுத்த கணக்கையே மறுபக்கத்துக்கும் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். டிசம்பர் 20ஆம் தேதி, இதை விசாரித்த சுயாதீனக் குழுவின் அறிக்கை வந்தது. 64 வகைக் கார்கள். 25 வகைச் சோதனைகளில் 174 முறைகேடுகள். டோயோட்டா, மஸ்டா, சுபாரு பெயர்களில் விற்ற உங்கள் கார்களும் அதில் அடக்கம். சில சோதனைகளில், மோதலை உணர்ந்து தானாக விரியவேண்டிய காற்றுப்பையை டைமர் வைத்து விரித்திருக்கிறீர்கள். இதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மோதலை உணருமா உணராதா என்பதுதானே அந்தப் பைக்கு வைக்கிற கேள்வி?

மிகப் பழைய முறைகேடு 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று குழு சொன்னது. கஞ்சில் வருவதற்கு ஐந்து வருடம் முன்பு. அப்பாவை ஏற்றிக்கொண்டு ஓடிய கார் அந்தப் பட்டியலில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வருடத்தைப் படித்தபோது அண்ணனுடைய காரின் மெல்லிய கதவும், அதில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அப்பாவும் கண் முன்னால் வந்தார்கள். அதை என்னால் தடுக்க முடியவில்லை.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பிறகு நடத்திய சோதனைகளில் பெரும்பாலான கார்கள் தேவையான தரத்தோடுதான் இருக்கின்றன, தொடர்ந்து ஓட்டலாம் என்று அறிவித்தீர்கள். ஜப்பானில் உங்கள் தொழிற்சாலைகள் அத்தனையையும் நிறுத்தினீர்கள். 2024 ஜனவரியில் ஜப்பானிய அரசு மூன்று வண்டிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. மோதலுக்குப் பின் கதவு வெளியிலிருந்து திறக்காமல் போகலாம் என்று தெரிந்த காஸ்ட் காரை, அதே வார்ப்பில் வந்த டோயோட்டா காரையும் சேர்த்து, 3 இலட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தீர்கள். அந்த மார்ச்சில் தலைவர் பதவி விலகிப் புதியவர் வந்தார். எல்லாம் தெரியும். மலேசியாவில் விற்பனை வழக்கம்போல் நடந்தது. 2023இல் மட்டும் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரோடுவா கார்கள் விற்றன. எங்கள் மக்கள் கோபித்துக்கொள்ளவில்லை என்று அந்த எண்ணைப் பார்த்து நீங்கள் நினைத்திருக்கலாம். அது தவறான கணக்கு. எங்களுக்கு வேறு வழியில்லை. இந்த விலைக்கு வேறு புதுக் கார் எங்கே இருக்கிறது?

‘தரம் இருக்கிறது, சோதனையில்தான் பிழை’ என்கிற பதிலைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காரணம் சொல்கிறேன்.

எங்கள் நாட்டில் ‘லெசென் தெர்பாங்’ என்று ஒரு பேச்சு உண்டு. பறக்கும் லைசென்ஸ். சோதனைத் திடலில் கால் வைக்காமலே பணம் கொடுத்து வாங்குகிற ஓட்டுநர் உரிமம். என் தொழிலில் இதைத் தினமும் கேள்விப்படாமல் இருக்க முடியாது. ஒருமுறை ஒரு தகப்பனார் வந்தார். மகன் மேட்டுச் சோதனையில் மூன்று தடவை தவறிவிட்டான். "பையன் நல்லாத்தான் ஓட்டுவான் டீச்சர், அந்தப் புக்கிட்தான் தடுக்குது, கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க" என்று ஒரு உறையை டாஷ்போர்டு மேல் வைத்தார். அவர் பொய் சொல்லவில்லை. பையன் சமதரையில் நன்றாகத்தான் ஓட்டுவான். நான் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சம்பளம் வாங்காமல் இன்னும் நாலு நாள் அந்த மேட்டில் அவனை ஏற்றி இறக்கினேன். நாலாவது தடவை பாஸானான்.

‘நன்றாக ஓட்டுவான், சோதனைதான் பிரச்சினை’ என்று அந்தத் தகப்பனார் சொன்னதற்கும் நீங்கள் சொல்வதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது என்பதை நாங்களே கணக்குப் பார்ப்போம். இருக்கை வலித்தால் முதுகு சொல்லும். பிரேக் பிடிக்கிறதா என்று முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். ஏசி குளிருமா, கதவு சத்தம் போடுமா, மறுவிற்பனை விலை என்ன, எல்லாவற்றையும் நாங்களே பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, பட்டறைக்காரரிடம் விசாரித்து முடிவு செய்வோம். ஒன்றே ஒன்றை மட்டும் எங்களால் பார்க்க முடியாது. மோதும்போது அந்தக் கதவு என்ன செய்யும் என்பது. தெரிந்துகொள்ள ஒரே வழி மோதிப் பார்ப்பதுதான். அதனால்தான் அந்த ஒரு விஷயத்தை உங்கள் வார்த்தைக்கு விட்டோம். எங்கள் கண் எட்டாத அந்த ஒரே இடத்தில்தான் உங்கள் கை தவறியிருக்கிறது.

உங்கள் நிறுவனத்தின் வரலாற்றை இந்த மடலுக்காகத் தேடிப் படித்தேன். 1907இல் ஓசாகாவில், உயர் தொழில்நுட்பப் பள்ளி ஒன்றின் பேராசிரியர்கள் முன்னின்று ஆரம்பித்த நிறுவனம் அது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நெருக்கம் வந்தது. வாத்தியார்கள் ஆரம்பித்த கம்பெனி! வெளிநாட்டு எஞ்சின்களையே நம்பியிருந்த நாட்டில், சொந்தமாக எஞ்சின் செய்து காட்டவேண்டும் என்று கிளம்பியவர்கள். ‘ஓசாகாவின் எஞ்சின் கம்பெனி’ என்று மக்கள் அழைத்ததையே சுருக்கி 1951இல் டைஹட்சு என்று பெயராக்கிக்கொண்டீர்கள். 1957இல் மிட்ஜெட் வந்தது. மூன்று சக்கரம், சின்ன எஞ்சின். போருக்குப் பின் மெல்ல எழுந்துகொண்டிருந்த ஜப்பானில், லாரி வாங்க வசதியில்லாத சின்னக் கடைக்காரர்கள் அதில் சரக்கு ஏற்றிப் பிழைத்தார்கள். அந்த மிட்ஜெட்தான் தாய்லாந்துக்குப் போய் துக்துக்காக ஆனது. அயுத்தயாவில் இன்றும் அதே தவளை முகத்தோடு ஓடுகிறது. 1977இல் மூன்று சிலிண்டர் ஷரேட். 1980இல் மிரா. அதிலிருந்து எங்கள் கஞ்சில்.

இந்த நூறு வருடத்தில் நீங்கள் பெரிய பணக்காரருக்கென்று எதையும் செய்து பெயர் வாங்கியவர்கள் அல்ல. குறுகிய தெருவில் திரும்பவேண்டிய, குறைந்த சம்பளத்தில் பெட்ரோல் போடவேண்டிய ஆட்களுக்காகத்தான் யோசித்திருக்கிறீர்கள். மிட்ஜெட் வாங்கிய ஓசாகா மளிகைக்காரரும் கஞ்சில் வாங்கிய என் அண்ணனும் ஒரே ஜாதி. அதனால்தான் எனக்கு வலிக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன்.

குழுவின் அறிக்கை காரணத்தையும் சொன்னது. 2011இல் மிரா ஈஎஸ் காரை மிகக் குறுகிய காலத்தில் உருவாக்கி வெற்றி கண்டீர்கள். பிறகு அந்த வேகமே எல்லாக் கார்களுக்கும் விதியானது. வெளியிடும் தேதி அசையாது. சோதனைக்கு ஒதுக்கிய நாட்கள் சுருங்கின. ஒரே தடவையில் பாஸாகியே ஆகவேண்டும், தவறினால் இன்னொரு காரை மோதவிட நேரமும் இல்லை, பணமும் இல்லை. மேலே சொன்னால் கைகொடுக்க ஆளில்லை. 2014க்குப் பிறகு முறைகேடுகள் பெருகின. கீழே வேலை செய்தவர்களைவிட அந்த நிலைமையை உண்டாக்கிய நிர்வாகத்தின் மேல்தான் பொறுப்பு அதிகம் என்று குழு சொன்னதை நான் மனதார ஏற்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு பயிற்சிப் பள்ளியில் ‘மாதத்துக்கு இத்தனை பேர் பாஸாகவேண்டும்’ என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த எண் எங்களை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். நல்ல வாத்தியார்கள்கூடப் பாடத்தை விட்டுவிட்டுத் திடலில் எந்தக் கல்லைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பையன் பாஸாவான். வெளிச்சாலையில் அந்தக் கல் இருக்காது.

அந்தக் கதவு வெட்டும் இதே கல்தான்.

இந்த மாதம் ஒரு கார் விற்பனை நிலையத்துக்கு மகளோடு போனேன். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. அங்கிருந்த பையனிடம் 2023 விஷயத்தைக் கேட்டேன். "அதெல்லாம் ஜப்பான் மேட்டர், நம்மளுக்கு இல்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு நிறங்களின் அட்டையை எடுத்து விரித்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வயது இருபத்திரண்டு இருக்கும். அவனுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் 11,834 என்கிற எண் ஜப்பான் மேட்டர் இல்லை. அந்தக் கார்கள் இந்த நாட்டு எண்பலகையோடு இந்த நாட்டுச் சாலைகளில் ஓடுகின்றன.

‘இந்த விலைக்கு இவ்வளவுதான் கிடைக்கும்’ என்று எங்கள் ஆட்களே சிலர் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. விலைக்கு ஏற்றபடி இருக்கை துணியாக இருக்கட்டும், பின் ஜன்னலைக் கையால் சுற்றி இறக்குகிறோம், சரி. சோதனைத் தாளில் எழுதியிருப்பது மட்டும் விலை குறைந்த காரிலும் உண்மையாக இருக்கவேண்டும். அதற்குத் தனி விலை கிடையாது.

என் கோரிக்கைகள் இவை.

முதலாவது: மலேசியாவில், எந்தப் பெயரில் விற்றிருந்தாலும், உங்கள் உருவாக்கத்தில் வந்த ஒவ்வொரு கார் வகைக்கும் ஒரு பக்கத் தாள் வெளியிடுங்கள். எந்தச் சோதனையில் என்ன தவறு நடந்தது, மறுசோதனை எந்தத் தேதியில் நடந்தது, யார் நேரில் நின்று பார்த்தார்கள், முடிவு என்ன என்பது அதில் இருக்கட்டும். தவறு நடக்காத கார் என்றால் அதையும் எழுதுங்கள். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழியிலும் வேண்டும். சாசி எண்ணைப் போட்டால் தன் காரின் விவரம் ஒருவருக்குத் தெரியவேண்டும். விற்பனை நிலையத்தில் நிறங்களின் அட்டைக்குப் பக்கத்திலேயே அந்தத் தாளும் இருக்கவேண்டும். அந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்து, பழைய கார்கள். தயாரிப்பு நின்றுபோன கெலிசாவும் விவாவும் முதல் மைவியும் இன்னும் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன. வாங்கியவர்கள் எங்களைவிட ஏழைகள், மூன்றாம் கை, நாலாம் கை. 1989 முதல் என்று குழு சொன்ன காலத்தில் வந்த இந்தக் கார்களைப் பற்றி உங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். ஆவணம் இல்லையென்றால் இல்லை என்றே எழுதிக் கொடுங்கள். அதுவும் ஒரு பதில்தான்.

மோதல் சோதனைக்கு நீங்கள் தயார் செய்து அனுப்புகிற கார் இனி போதாது. விற்பனைக்கு வந்த பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது, எங்கள் நாட்டு விற்பனை நிலையத்தில் சாதாரண வாடிக்கையாளர் எடுப்பதுபோல் ஒரு காரை வெளியார் எடுத்து, கதவைப் பிரித்துப் பார்த்து, பிறகு மோதவிட்டு, அதன் முடிவை அப்படியே வெளியிட வழிசெய்யுங்கள். விலை குறைந்த ரகத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

சோதனைத் துறையில் இருப்பவர்களுக்கு ‘இது தவறிவிட்டது, தேதியைத் தள்ளுங்கள்’ என்று சொல்லும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அப்படித் தேதி தள்ளப்பட்டதா, எத்தனை தடவை என்பதை வருடாவருடம் அறிவியுங்கள். ஒரு தடவைகூடத் தள்ளப்படவில்லை என்றால் நாங்கள் கவலைப்படுவோம். செரண்டாவில் வேலை செய்கிறவர்களும் தங்கள் மொழியிலேயே, வேலை போய்விடும் என்ற பயமில்லாமல், உங்களுக்கு நேரடியாகப் புகார் சொல்ல ஒரு வழி வேண்டும். 2023இல் முதலில் வாய்திறந்தவருக்கு எந்தத் தீங்கும் வரவில்லை, வராது என்பதையும் பகிரங்கமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக, உங்களில் ஒருவர் இங்கே வாருங்கள். தொழிற்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராவாங்கிலோ கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு பொது மண்டபத்தில், கார் வைத்திருப்பவர்கள் முன்னால் மொழிபெயர்ப்பாளரோடு உட்காருங்கள். அந்தக் கதவுப் பலகையை, வெட்டு இருந்ததையும் இல்லாததையும், இரண்டையும் கொண்டுவாருங்கள். எங்கள் கையில் கொடுங்கள், நாங்கள் தொட்டுப் பார்க்கிறோம். என் மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் என்னிடம் கேட்ட கேள்வியை உங்களிடம் கேட்பாள்.

அதுவரை அந்தப் படிவத்தில் கையெழுத்து போடவேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். காலையில் அவளை நானே போய் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை,
ராவாங், சிலாங்கூர், மலேசியா.